புலிக்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயமா?

கடந்த கோடை விடுமுறையில் ஒரு மாலை நேரம். ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர் மேஜையில் மவுஸ் படாரென்று மோதும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் கண்களில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, என்னோட டைரனிட்டாரை மாத்தவே விட மாட்டேங்குது. ஓடவும் முடியல. நின்னு அடி வாங்கணுமாம். இது அழுகுணி ஆட்டம்தானே?"

திரையைப் பார்த்தேன். போக்கிமான் போர். எதிராளி டக்ட்ரியோ என்ற மூன்று தலை மண்ணுளியை இறக்கி, என் மகளின் மலை போன்ற டைரனிட்டாரைக் குழியில் சிக்க வைத்திருந்தார். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று, "ஆமாம்மா, அழுகுணி ஆட்டம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதில் தவறு என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவள் தோற்ற போதெல்லாம் எதிராளியையே குற்றம் சொன்னாள். தான் எங்கே சறுக்கினோம் என்று ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு விளையாடுவதையே நிறுத்திவிட்டாள். விதிகளுக்கு உட்பட்டு ஜெயித்த ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதைச் சரி செய்ய முயன்ற போது எனக்குக் கிடைத்த பாடமே இந்தக் கட்டுரை.

விளையாட்டு எப்படி?

போக்கிமான் ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியானது. கார்ட்டூனாகத் தெரிந்து வைத்திருப்பவர்களே அதிகம். ஆனால் இருவர் மோதும் போட்டி ஆட்டமாகப் பார்த்தால் இது சதுரங்கத்துக்குச் சளைத்ததல்ல.

ஒவ்வொருவரிடமும் ஆறு போக்கிமான்கள். களத்தில் நிற்பது ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் உங்களுக்கு இரண்டே வழிகள்: அடிக்கலாம், அல்லது நிற்பதை உள்ளே இழுத்து வேறொன்றை இறக்கலாம். இருவரும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் ஒரே நேரத்தில் தேர்வு செய்ய வேண்டும். நெருப்பை நீர் வெல்லும், நீரை மின்சாரம் வெல்லும் என்று வகைகளுக்குள் ஒரு கணக்கு உண்டு. எனவே ஆட்டத்தின் உயிரே மாற்றுவதில்தான் இருக்கிறது. "அவர் நெருப்பால் அடிப்பார், நான் நீரை இறக்குவேன்" என்று நினைப்போம். "நீரை இறக்குவான் என்று தெரியும், மின்சாரத்தால் அடிப்பேன்" என்று அவர் நினைப்பார்.

இந்த மாற்றும் உரிமையைப் பறிப்பதுதான் வலை விரிக்கும் ஆட்டம். அந்த உரிமையை விட்டுவைத்து, மாற்றி உள்ளே வருவதையும் சேர்த்து நொறுக்குவதுதான் தாக்குதல் ஆட்டம். இரண்டில் எது சிறந்தது, எது நியாயமானது என்ற சண்டை இந்த விளையாட்டு ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை.

தாக்குதல் அணி

தாக்குதல் அணி அமைப்பது எளிது. போக்கிமான்களுக்குப் பயிற்சிப் புள்ளிகள் தரப்படுகின்றன. ஒன்றுக்கு மொத்தம் 510 வரை தரலாம். நூறாவது லெவலில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு மதிப்பு உயரும். தாக்குதல்காரர்கள் 252 புள்ளிகளைத் தாக்கும் சக்தியிலும் 252 புள்ளிகளை வேகத்திலும் கொட்டிவிட்டு, மிச்சத்தை எங்காவது போட்டுவிடுவார்கள். கையில் சாய்ஸ் பேண்ட் என்ற பொருளைக் கொடுத்தால் உடல்வழித் தாக்குதலின் பலம் ஒன்றரை மடங்காகும். ஆனால் முதலில் எந்த அடியைத் தேர்ந்தெடுத்தோமோ, களத்தை விட்டு வெளியேறும் வரை அதே அடியைத்தான் அடிக்க முடியும். தாக்குதல்காரரும் தன் கையைத் தானே கட்டிக்கொண்டுதான் பலம் பெறுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

இந்த அணியின் நல்ல குணம், தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். ஆட்டமும் சீக்கிரம் முடியும். கெட்ட குணம், சரியான தடுப்புச் சுவர் ஒன்று எதிரே இருந்தால் தலையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வலையின் வரலாறு

வலை விரிப்பது புதிதல்ல, முதல் கேமிலேயே இருந்தது. ராப், ஃபயர் ஸ்பின் போன்ற அடிகள் எதிரியை இரண்டு முதல் ஐந்து டர்ன்கள் வரை அசையவிடாமல் கட்டிப்போட்டன. வேடிக்கை என்னவென்றால், அப்போது கட்டுண்டவர் வேறொன்றை மாற்ற முடியும், திருப்பி அடிக்கத்தான் முடியாது. டிராகனைட் முதலில் அஜிலிட்டி மூலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டு, பிறகு ராப் போட்டால் எதிராளி கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாம் தலைமுறை கேம்கள் 1999ல் வந்த போது இந்த விதி தலைகீழானது. கட்டுண்டவர் அடிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. கூடவே மீன் லுக் என்ற பார்வையும் வந்தது. பார்த்துவிட்டால் அவ்வளவுதான், வெளியேற முடியாது. பர்சூட் என்ற அடியும் அப்போது வந்ததுதான். இதன் பலம் 40 மட்டுமே. ஆனால் எதிரி தப்பி ஓடும் நேரத்தில் விழுந்தால் இரண்டு மடங்காகும். நின்றாலும் அடி, ஓடினால் இன்னும் பெரிய அடி. இந்த பர்சூட் 2019ல் வந்த எட்டாம் தலைமுறை கேமில் நீக்கப்பட்டது.

பெரிய மாற்றம் 2002ல் ஜப்பானில் வெளியான மூன்றாம் தலைமுறையில் வந்தது. போக்கிமான்களுக்குப் பிறவிக் குணங்கள் என்று சில தரப்பட்டன. அவற்றில் மூன்று வலைகள். டக்ட்ரியோவின் அரீனா ட்ராப், தரையில் நிற்கும் எதையும் பிடிக்கும், பறப்பதைப் பிடிக்காது. மேக்னட்டனின் மேக்னெட் புல், காந்தம் போல ஸ்டீல் வகையை மட்டும் பிடிக்கும். வாபஃபெட்டின் ஷேடோ டேக் எதையும் விடாது. இவற்றுக்காக ஒரு டர்னைச் செலவிட வேண்டியதே இல்லை. களத்தில் இறங்கியவுடனே வலை விழுந்துவிடும்.

ஒரே ஹீட்ரான், இரண்டு வேஷம்

இரண்டு பாணிகளையும் ஒப்பிட ஒரே போக்கிமானை எடுத்துக்கொள்வதுதான் நல்லது. ஹீட்ரான், நெருப்பும் ஸ்டீலும் கலந்தது. இதன் சிறப்புத் தாக்குதல் 130, வேகம் 77. ஆறு, ஏழாம் தலைமுறைகளில் இது இரண்டு வேஷத்திலும் வந்தது.

தாக்குதல் வேஷத்தில் கையில் சாய்ஸ் ஸ்பெக்ஸ் கண்ணாடி. சிறப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்கு. ஃபயர் பிளாஸ்ட் அடியின் பலம் 110, அது படும் வாய்ப்பு 85 சதவீதம். எதிரே நெருப்பைத் தாங்க முடியாதது நின்றால் ஒரே அடி. ஆனால் சான்ஸி வந்து நின்றால் கதை மாறும். சான்ஸி சிறப்புத் தாக்குதல்களைப் பஞ்சுமூட்டை போல வாங்கிக்கொண்டு, சாஃப்ட் பாயில்ட் போட்டுப் பாதி உயிரை மீட்டுக்கொள்ளும். விஷம் ஏறினாலும், வெளியே போய் வந்தால் நேச்சுரல் க்யூர் குணத்தால் குணமாகிவிடும்.

வலை வேஷத்தில் மாக்மா ஸ்டார்ம், டான்ட், டாக்ஸிக், எர்த் பவர் என்று நான்கு அடிகள், கையில் லெஃப்ட்ஓவர்ஸ். மாக்மா ஸ்டார்மின் பலம் 100. பட்டுவிட்டால் எதிரி நான்கைந்து டர்ன்கள் வெளியேற முடியாது. ஒவ்வொரு டர்ன் முடிவிலும் எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். டான்ட் போட்டால் சான்ஸியால் சாஃப்ட் பாயில்ட் போட முடியாது. டாக்ஸிக் விஷம் பதினாறில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் டர்ன் மாக்மா ஸ்டார்ம், இரண்டாவது டாக்ஸிக், மூன்றாவது டான்ட். நான்காவது டர்ன் முடியும் போது நெருப்பு வளையத்தால் மட்டும் பதினாறில் எட்டு பங்கு போயிருக்கும். விஷத்தால் ஆறு பங்கு. ஆகப் பதினாறில் பதினான்கு. நேரடி அடியின் சேதம் தனி. வெளியே போய்க் குணமாகும் வழியும் அடைபட்டுவிட்டது. முதலிரண்டு டர்ன்களில் சாஃப்ட் பாயில்ட் போட்டுக்கொண்டால் சான்ஸி இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனால் டான்ட் விழுந்த பிறகு அதன் உயிர் இறங்குமுகம்தான்.

அப்படியானால் வலைதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். மாக்மா ஸ்டார்ம் படும் வாய்ப்பு 75 சதவீதம்தான். டாக்ஸிக் 90 சதவீதம். இரண்டும் முதல் தடவையிலேயே பட 67.5 சதவீத வாய்ப்பு. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை வலை நழுவும். அத்துடன் தாக்குதல் ஹீட்ரான் ஒரு டர்னில் முடிக்கும் வேலைக்கு வலை ஹீட்ரான் நான்கு டர்ன்கள் எடுத்துக்கொள்கிறது. சான்ஸியைப் பிடிக்க வந்தது தண்ணீர் வகையிடம் மாட்டிக்கொண்டால் எதிராளி சிரிப்பார்.

ஆக, வலைக்கும் விலை உண்டு. அந்த விலைதான் என் வாதத்தின் மையம்.

ஆடு புலி ஆட்டம் சொல்வது

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த போது, என் பாட்டி திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு விளையாடிய ஆடு புலி ஆட்டம் நினைவுக்கு வந்தது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. நாலாபுறமும் நின்று புலியை நகர விடாமல் அடைப்பதுதான் அதன் ஒரே வழி. அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

ஆடு அழுகுணி ஆட்டம் ஆடுகிறது என்று புலி வைத்திருப்பவர் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் எளிது. ஆட்டுக்குப் பல் இல்லை. பல் இல்லாததற்கு ஈடாகத்தான் அடைக்கும் உரிமை தரப்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோலை போக்கிமானுக்கு வைத்துப் பாருங்கள். டைரனிட்டாரின் அடிப்படை மதிப்புகளைக் கூட்டினால் 600 வரும். மூன்றாம் தலைமுறை டக்ட்ரியோவுக்குக் கூட்டினால் 405 மட்டுமே. அதன் ஹெச்.பி. வெறும் 35. பலமான அடி ஒன்று பட்டாலே பெரும்பாலும் சுருண்டுவிடும். என் மகளைப் பிடித்தது புலி இல்லை, ஆடு.

ஆறாம் தலைமுறையில், 2013ல், மெகா கெங்கார் வந்தது. சிறப்புத் தாக்குதல் 170, வேகம் 130, கூட்டுத்தொகை 600. இதற்கு ஷேடோ டேக் குணத்தையும் கொடுத்துவிட்டார்கள். இதுதான் வம்பு. புலியின் வாயில் பல்லும் இருக்கிறது, கையில் ஆட்டின் வலையும் இருக்கிறது. தனக்குத் தோதான இரையைத் தேர்ந்தெடுத்து, தப்ப விடாமல், ஓரிரு அடிகளில் முடித்துவிடும். 2004 முதல் இயங்கும் ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்புதான் ஒருவருக்கு ஒருவர் மோதும் போட்டிகளுக்குப் பெரும்பாலும் விதி வகுக்கிறது. அதன் முக்கியப் பிரிவான ஓ.யு.வில் மெகா கெங்கார் தடை செய்யப்பட்டது. பிறகு ஷேடோ டேக் குணமே தடை செய்யப்பட்டது. ஏழாம் தலைமுறையில் டக்ட்ரியோவின் தாக்குதல் 80லிருந்து 100 ஆக உயர்த்தப்பட்டது. ஆட்டுக்குப் பல் முளைத்ததும், அந்தத் தலைமுறையில் அரீனா ட்ராப்பும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஸ்டீலை மட்டும் பிடிக்கும் மேக்னெட் புல் மீது யாரும் கை வைக்கவில்லை. என் அளவுகோலுக்கு இந்த வரலாறு நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வாபஃபெட்டின் கூட்டுத்தொகையும் அதே 405தான். தானாகத் தாக்கும் அடி அதனிடம் கிடையாது. வாங்கிய அடியைத் திருப்பித் தரும், அவ்வளவே. அப்படியிருந்தும் மூன்றாம் தலைமுறையிலேயே அது ஓ.யு.விலிருந்து வெளியேற்றப்பட்டது. ஏன்? எதிரி ஆபத்தில்லாத அடி ஒன்றைப் போட்டவுடன், வாபஃபெட் என்கோர் போட்டு அதையே திரும்பத் திரும்பப் போட வைக்கும். பிறகு தான் உள்ளே போய், தன் அணியின் புலியை இறக்கும். அந்தப் புலி பல்லைத் தீட்டிக்கொள்ளும் வரை எதிரியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வலையின் விலையைக் கணக்கிடும் போது, வலை வீசுபவரை மட்டும் பார்த்தால் போதாது. அவர் யாருக்காக வீசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்வாதமும் பதிலும்

"மாற்றுவதுதான் ஆட்டத்தின் உயிர் என்று நீங்களே சொன்னீர்களே, அதைப் பறிப்பது ஆட்டத்தைக் கொல்வதாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எனக்கு மகளின் அந்தப் பழைய ஆட்டத்திலேயே கிடைத்தது. அதன் ரீப்ளேவைச் சேமித்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அருகில் உட்கார வைத்து, டர்ன் டர்னாக ஓட்டிப் பார்த்தோம்.

டக்ட்ரியோவால் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. அடி விழும் நேரத்தில் இறங்கினால் அதுவே செத்துப் போகும். தன் கூட்டாளி ஒன்று வீழ்ந்த பிறகு, அந்தக் காலி இடத்தில் இறங்குவதுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த ஆட்டத்தில் எதிரியின் போக்கிமான் ஒன்றை வீழ்த்தியது டைரனிட்டார்தான். டக்ட்ரியோ அதற்கு முன்பே ஒரு முறை தலைகாட்டியிருந்தது. அந்தக் கடைசி அடியைப் பறக்கும் சாலமென்ஸைக் கொண்டு அடித்திருந்தால் குழி அதைத் தொட்டிருக்காது. வலை விழுந்தது அந்த டர்னில், ஆனால் கால் வைத்தது முந்தைய டர்னில். ஊகிக்கும் ஆட்டம் சாகவில்லை, ஒரு டர்ன் முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அன்னிக்கு ஏன்ப்பா அழுகுணின்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். "தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

எனவே என் கருத்து

வலை ஏமாற்று வேலை இல்லை. பலம் குறைந்தவர் விலை கொடுத்து வாங்கும் ஆயுதம் அது. விலை கொடுக்காமல் கிடைக்கும் போதுதான் ஆட்டம் கெடுகிறது. அப்போது விதியைத் திருத்த வேண்டும், ஆடுபவரைத் திட்டக் கூடாது.

சிறந்தது எது என்றால், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தாக்குதல் அணியையே சொல்வேன். தவறுகள் சீக்கிரம் தெரியும், வகைகளின் கணக்கு மனதில் பதியும். அதில் ஓர் இடத்தை மட்டும் வலைக்கு ஒதுக்குங்கள். உங்கள் தாக்குதலைத் தடுக்கும் சுவர் எது என்று பார்த்து, அதை மட்டும் பிடிக்கும் வலையாக அது இருக்கட்டும். அணி முழுவதையும் வலையாக்கினால், மீன் இல்லாத குளத்தில் வீசியது போலாகும்.

முயன்று பார்க்க

போக்கிமான் ஷோடவுன் என்ற இலவச தளம் 2011 முதல் இயங்குகிறது. பிரவுசர் இருந்தால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்திடத் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் தாராளமாக ஓடும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, டீம்பில்டர் பிரிவில் கிளிக் செய்து அணியை அமைத்திடலாம். மூன்றாம் தலைமுறை ஓ.யு. பிரிவைத் தேர்ந்தெடுங்கள். டக்ட்ரியோவும் மேக்னட்டனும் அங்கே அனுமதிக்கப்பட்டுள்ளன. வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் நீங்களும் பிள்ளையும் நேருக்கு நேர் சவால் விட்டு ஆடலாம்.

வலைக்குத் தப்பும் வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் வகைகளும் லெவிடேட் குணம் உள்ளவையும் அரீனா ட்ராப்பில் சிக்காது. நான்காம் தலைமுறையில் வந்த ஷெட் ஷெல் என்ற பொருளை வைத்திருந்தால் எந்த வலையிலிருந்தும் மாற்றிக்கொள்ளலாம். அதே தலைமுறையில் வந்த யு டர்ன் என்ற அடி, அடித்துவிட்டு வெளியேறும் வசதி தருகிறது, வலையில் இருந்தாலும் வேலை செய்யும். ஆறாம் தலைமுறையிலிருந்து பேய் வகைகளை எந்த வலையாலும் பிடித்து வைக்க முடியாது.

ரீப்ளே பார்த்த மறுநாள் நானும் மகளும் மோதினோம். என் அணியில் ஸ்கார்மரி என்ற இரும்புப் பறவை இருந்தது. அவளுடைய சாலமென்ஸ் டிராகன் டான்ஸ் ஆடிப் பலம் ஏற்றும் போதெல்லாம், ஸ்கார்மரியை இறக்கி ரோர் போட்டு விரட்டிவிடுவேன். மூன்றாவது முறை நான் ஸ்கார்மரியை இறக்கிய போது அவள் சாலமென்ஸில் இல்லை. முன்கூட்டியே ஊகித்து மேக்னட்டனை இறக்கியிருந்தாள். பறவை தரையில் இல்லையே தவிர, ஸ்டீல் ஆயிற்றே. ஒரே ஒரு தண்டர்போல்ட். சுவர் போனது. அதன் பின் சாலமென்ஸைத் தடுக்க என்னிடம் ஆளில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஸ்கார்மரியை எடுத்துவிட்டு, ஸ்டீலே இல்லாத அணியோடு வந்தேன். அவளுடைய மேக்னட்டனுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. போதாததற்கு என் டக்ட்ரியோவின் குழியில் அதுவே விழுந்து ஓர் எர்த்க்வேக்கில் போனது. தோற்றுவிட்டாள். மவுஸ் பறக்குமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"நீங்க ஸ்டீலைத் தூக்கிட்டு வருவீங்கன்னு நான் யோசிச்சிருக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு, டீம்பில்டரைத் திறந்தாள்.